பழையசீவரத்திலிருந்து பெடல் மிதித்தால்

பழையசீவரத்தில் மலைமேல் லட்சுமி நரசிம்மர் கோயில். அடிவாரத்தில் செங்கல்பட்டு – காஞ்சிபுரம் சாலை. அதையொட்டிப் பாலாறு. மாசி பிறந்த பிறகு, பொழுது விடியும் முன்பே இங்கிருந்து திருமுக்கூடல் பாலத்துக்குச் சைக்கிளைத் திருப்புகிறவரின் உடம்புக்கு முதலில் தெரிவது குளிர்தான். அதுவும் ஒரே சீரான குளிர் இல்லை. தெருவில் ஒரு மாதிரி, ஆற்றோரம் இறங்கினால் வேறு மாதிரி. பாலம் தாண்டி மேட்டில் ஏறியதும் காற்று சட்டென்று வெதுவெதுப்பாகும். ஏரிக்கரையை ஒட்டிய பள்ளம் வந்தால் மறுபடி கை விரல் விறைக்கும்.

மேகம் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. உலர்ந்த ஆற்று மணல் இதில் முந்திக்கொள்ளும். மணலுக்கு நடுநடுவே காற்று அடைந்திருப்பதால் அடியில் இருக்கும் வெப்பம் எளிதில் மேலே வராது. மேல்மணல் விரைவாகக் குளிர்ந்துவிடும். அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, அடர்த்தி கூடி, பள்ளம் பார்த்து வழிந்து தேங்குகிறது. பகலில் உயரம் போகப் போகக் குளிரும். விடியலில் தரையோரம் இது தலைகீழாகிறது. காற்று அசையாத மாசிக் காலையில், சில மீட்டர் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இந்த வித்தியாசத்தை உணரலாம்.

இதை உணரச் சைக்கிள்தான் சரியான வாகனம். மோட்டார் பைக்கில் போகிறவருக்கு எதிர்க்காற்றே எல்லாவற்றையும் ஒரே குளிராக்கிவிடும். நடந்து போகிறவருக்கு மாற்றம் மெதுவாக வருவதால் உறைக்காது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 250 மீட்டர். ஒரு பள்ளத்துக்குள் புகுந்து வெளியேறுவதைத் தோல் கண்டுகொள்ள அந்த வேகம் தோதானது.

பாலத்தை விட்டு ஆற்றுக்குள் இறக்கிப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பத்தடி போவதற்குள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். கணக்கு எளிது. ஆளும் வண்டியுமாகச் சேர்ந்து 80 கிலோ என்றால், பின்சக்கரத்தில் விழுவது ஏறக்குறைய 48 கிலோ. டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 17 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டி அளவு. அத்தனை எடையும் அந்த இடத்தில் இறங்க, உலர்ந்த மணல் இரண்டு பக்கமும் விலகிவிடுகிறது. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரந்து ஓரளவு தாங்கும். ஈர மணலில் இந்தத் தொல்லை குறைவு. மணல்துகள்களுக்கு இடையே நிற்கும் கொஞ்சம் நீர், பரப்பு இழுவிசையால் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

திருமுக்கூடலில் பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. அக்கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் உள்ள 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டைப் படிக்காமல் இந்த வழியில் மேலே போவது நியாயமில்லை. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்றை அது விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து சேகரித்து வருபவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்ற கணக்கோடு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. அவற்றில் ஒன்று வாசாஹரீதகி. ஹரீதகி கடுக்காய். வாசா, ஆடாதோடை.

அந்த ஆடாதோடை இன்றும் இந்தப் பக்கத்து வேலிகளில் நிற்கிற செடிதான். ஆடு தொடாது, அதனால் வேலிக்கு ஏற்றது. மாசியில் உதடு பிளந்த மாதிரி வெள்ளைப் பூ விட்டிருக்கும். கீழுதட்டில் செவ்வூதாக் கோடுகள் ஓடும். தேனீ இறங்குவதற்கான வழிகாட்டிகள் அவை. ஆட்டை விரட்டுகிற கசப்புக்குள் வாசிசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. இருமலுக்கு ஆடாதோடைச் சாறு கொடுத்த வீடுகளுக்கு அதன் பெயர் தெரியாது, வேலை தெரியும். இருபதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் இந்த வாசிசினின் கட்டமைப்பைத் தழுவித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை உருவாக்கினார்கள். மருந்துக்கடையில் வாங்கும் பல இருமல் சிரப்புகளின் லேபிளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். கல்வெட்டு, வேலி, சிரப் பாட்டில் மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடக்கூடிய ஊர்கள் உலகில் அதிகம் இருக்காது.

இங்கிருந்து உத்திரமேரூர் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஜல்லி லாரிகள் ஓடும் சாலையில் சைக்கிள்காரர் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. லாரி நெருங்கும்போது காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். முன்னால் அமுங்கிய காற்றும் பக்கவாட்டில் குறைந்த அழுத்தமும் செய்கிற வேலை. ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்துச் சாலையோரம் ஒதுங்குவதே புத்தி. கூடுமானவரை ஏரிக்கரை மண்பாதையைப் பிடிப்பது அதைவிடப் புத்தி.

மண்பாதையில் பெரிய சைக்கிளைக் குரங்குப் பெடல் போடும் சிறுவனைப் பார்க்கக் கிடைத்தால் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். சீட்டுக்கு எட்டாதவன், பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து அந்தப் பக்கப் பெடலை மிதிக்கிறான். உடம்பு முழுக்க இடது பக்கம். வண்டி வலது பக்கம் சாய்ந்தே ஓடுகிறது. இரண்டின் எடையும் சேரும் மையம் டயர் கோட்டுக்கு நேர் மேலே இருந்தால் போதும், விழாது. அவன் இதைக் கணக்குப் போடவில்லை. முட்டி தேய்ந்து கற்றுக்கொண்டான்.

சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதில் அறிஞர்களுக்கும் வெகுகாலம் குழப்பம். சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவுதான் காரணம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பிரிட்டன் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் 1970இல், அந்த விளைவை எதிர்ச்சக்கரம் வைத்து ரத்து செய்த சைக்கிளையும் ஓட்டிக் காட்டினார். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரத்தின் பின்னிழுவையும் (சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, திருப்பும் அச்சுக்குப் பின்னால் இருப்பது) இல்லாமல், ஆளே ஏறாமல் நிமிர்ந்து ஓடும் வண்டியைச் செய்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே திரும்புவதுதான் அடிப்படை. அந்தத் திருப்பத்தைத் தருவதற்குப் பல வழிகள் உண்டு, ஒன்றே ஒன்று இல்லை.

வழியில் அரசமரங்கள் செப்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும், புங்கமரங்கள் பளபளக்கும். தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, இளவேனில் சித்திரையில்தான். மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மழை பெய்து மாதங்கள் ஆகியிருக்க, வறட்சி தொடங்கும் நேரத்தில் துளிர்ப்பானேன்? பழைய இலையை உதிர்த்ததும் நீரிழப்பு நின்று, ஆழ வேர்கள் எடுக்கும் நீர் தண்டில் நிறைகிறது. தொடங்கு என்று சொல்வது எது? வெப்பமண்டல உலர் காடுகளை ஆராய்ந்த ரோல்ஃப் போர்சர்ட் குழுவினர் 2002இல் சொன்ன விடை, பகல் நீள்வது. நம் அட்சரேகையில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். மாசியில் ஒரு நாளைக்குக் கூடுவது அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். இந்தத் துளி மாற்றத்தை மரம் கண்டுகொள்கிறது என்பதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும்.

ஏரிகள் வற்றத் தொடங்குவது பறவைகளுக்கு நல்ல காலம். நீர் சுருங்கினால் மீனும் நத்தையும் ஒரே இடத்தில் நெருங்கும். தெற்கே வேடந்தாங்கலில் குஞ்சு பொரித்த நத்தைக்குத்தி நாரைகள் இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பரவுகின்றன. எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று அறிந்த வேடந்தாங்கல் விவசாயிகள், 1798இலேயே கலெக்டரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்குள் உத்திரமேரூர் டீக்கடை வந்துவிடும். அதுவரை பொட்டு வியர்வை இல்லாதவருக்கு, வண்டியை ஸ்டாண்டு போட்ட மறு நிமிடம் முதுகு நனையும். ஓட்டும்போதும் வியர்த்துக்கொண்டேதான் இருந்தது. தசை எரிக்கும் சக்தியில் கால் பங்கு பெடலுக்குப் போனாலே அதிகம், மிச்சம் வெப்பம். எதிர்க்காற்று இருந்தவரை வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகி அந்த வெப்பத்தைக் கொண்டுபோனது. இப்போது காற்று நின்றுவிட்டது, வியர்வைச் சுரப்பிகள் நிற்கச் சில நிமிடம் ஆகும். உள்ளே மின்விசிறிக்குக் கீழே இடம் காலியாக இருந்தால் முதலில் அங்கே உட்கார்ந்துவிட்டு டீ சொல்வது நல்லது.