சேமிப்பகக் கட்டுப்படுத்தி

சேமிப்பகக் கட்டுப்படுத்தி என்பது கணினியின் நினைவகத்துக்கும் வன்தட்டு, திண்மநிலை வட்டு முதலிய சேமிப்புக் கருவிகளுக்கும் இடையே நின்று தரவுப் பரிமாற்றத்தை நெறிப்படுத்தும் மின்னணுச் சுற்று ஆகும். இது தனி அட்டையாக இருக்கலாம்; தாய்ப்பலகையின் சில்லுத்தொகுதிக்குள் அடங்கியிருக்கலாம்; வட்டின் அடிப்புறத்திலுள்ள சுற்றுப் பலகையிலும் அமைந்திருக்கலாம். இம்மூன்றையும் ஒரே சொல்லால் வழங்குவதே இத்துறையில் புதிதாக நுழைவோரின் முதற் குழப்பம். ஒரு வழங்கி பழுதாகும்போது எது மாற்றத்தக்கது, எதனை மாற்றினால் தரவு போய்விடும் என்பது இவ்வேறுபாட்டை அறிவதைப் பொறுத்தது.

பெயர் வந்த வழி

1980-இல் சீகேட் நிறுவனம் வெளியிட்ட எஸ்டி-506 வன்தட்டின் கொள்ளளவு 5 மெகாபைட்டு. அவ்வட்டு தானாக முடிவெடுக்கும் திறன் அற்றது. முனையை அடுத்த தடத்துக்கு நகர்த்து என்னும் துடிப்பு வந்தால் நகர்த்தும். முனை உணர்ந்த குறிகையை அப்படியே வெளியே அனுப்பும். அக்குறிகையைப் பிட்டுகளாகப் பிரித்தல், செக்டர் எனப்படும் தரவுக் கூறு எங்கே தொடங்குகின்றது எனக் கண்டறிதல், பிழை பார்த்தல் ஆகிய அனைத்தையும் கணினிக்குள் செருகப்பட்ட தனி அட்டையே செய்தது. 34 இழைகள் கொண்ட ஒரு வடத்தில் கட்டளைகளும், 20 இழைகள் கொண்ட மற்றொன்றில் தரவும் சென்றன. கட்டுப்படுத்தி என்னும் பெயர் அந்த அட்டைக்கு முற்றிலும் பொருந்தியது.

இவ்வமைப்பில் ஒரு தடத்தில் எத்தனை கூறுகள் இருக்கும் என்பதைக்கூட அட்டையே தீர்மானித்தது. எம்எஃப்எம் குறியாக்க முறையில் ஒரு தடத்துக்கு 17 கூறுகள். ஆர்எல்எல் முறையில் 26. எனவே, தரம் இடங்கொடுக்கும் வட்டாயின், அட்டையை மட்டும் மாற்றி அதன் கொள்ளளவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்க முடிந்தது. இதன் மறுபக்கம், ஓர் அட்டை எழுதிய வட்டை வேறு வகை அட்டை பெரும்பாலும் படிக்காது என்பதாகும்.

1986 அளவில் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல், கண்ட்ரோல் டேட்டா ஆகிய நிறுவனங்களின் முயற்சியால் ஐடிஇ வட்டுகள் வந்தன. கட்டுப்படுத்தும் சுற்று முழுவதும் வட்டுக்கே இடம் மாறியது. கணினிப் பக்கத்தில் எஞ்சியது கட்டளையையும் தரவையும் கடத்தும் எளிய சுற்று மட்டுமே. இதன் சரியான பெயர் ஹோஸ்ட் அடாப்டர், பொருத்தி எனலாம். ஆயினும் பழைய பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. "ஐடிஇ கட்டுப்படுத்தி", "சாட்டா கட்டுப்படுத்தி" எனக் கூறப்படுபவை உண்மையில் பொருத்திகளே.

இடைமுகங்கள்

ஐடிஇ பின்னர் ஏடிஏ என்னும் பெயரில் தரப்படுத்தப்பட்டது. ஒரு வடத்தில் இரண்டு வட்டுகளை இணைக்கலாம். எது முதலாவது என்பதை ஜம்பர் எனும் சிறு செருகியால் குறிக்க வேண்டும். 1986-இல் தரமாக ஏற்கப்பட்ட ஸ்கசி இதனினும் விரிந்தது. அதன் எட்டுப் பிட்டுப் பாட்டையில் 0 முதல் 7 வரை எட்டு முகவரிகள் உண்டு. முன்னுரிமை மிக்க 7 வழக்கமாகப் பொருத்தி அட்டைக்கே ஒதுக்கப்படும்.

2003 முதல் சந்தைக்கு வந்த சாட்டா, தரவைத் தொடர் முறையில் அனுப்புகின்றது. இதன் முதற் பதிப்பின் வேகம் நொடிக்கு 1.5 கிகாபிட்டு. இதனை எட்டால் வகுப்பவர் 187 மெகாபைட்டு என விடை காண்பர்; ஏட்டிலோ 150 என்றிருக்கும். ஒவ்வொரு எட்டுப் பிட்டுத் தரவும் கம்பியில் பத்துப் பிட்டுகளாகக் குறியாக்கப்படுவதே காரணம். ஆகவே பத்தால் வகுக்க வேண்டும். 2009-இல் வந்த 6 கிகாபிட்டுப் பதிப்பு 600 மெகாபைட்டு தருவதும் இக்கணக்கின்படியே.

சாட்டா பொருத்திகளுக்கான ஏஎச்சிஐ முறையில் ஒரு துறைக்கு ஒரு கட்டளை வரிசை. அதில் 32 கட்டளைகள். சுழலும் தட்டுக்கு அது போதும். திண்மநிலை வட்டுகளுக்கென 2011-இல் வெளியான என்விஎம்இ வரையறை 65,535 வரிசைகள் வரை இடமளிக்கின்றது. இதில் வட்டு நேரடியாகப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாட்டையில் இணைவதால் இடையில் பொருத்தியே இல்லை. இவ்வரையறை வட்டிலுள்ள சுற்றையே கட்டுப்படுத்தி என அழைக்கின்றது. பெயர் மீண்டும் உரிய இடத்துக்கு வந்துள்ளது எனலாம்.

ரெய்டு கட்டுப்படுத்தி

பல வட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டு முறையை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோர் 1988-இல் வெளியான கட்டுரையில் விளக்கினர். இதனைச் செய்யும் அட்டையில் தனிச் செயலியும் பதுக்கு நினைவகமும் இருக்கும். ஆபத்து ஒளிந்திருப்பது இந்த நினைவகத்தில்தான்.

எழுத வந்த தரவு வட்டைச் சென்றடைந்த பின்னரே "முடிந்தது" என அறிவிப்பது நேரெழுத்து முறை. பதுக்கு நினைவகத்தில் வந்தவுடனேயே அவ்வாறு அறிவிப்பது பின்னெழுத்து முறை. பின்னது மிக விரைவானது. ஆனால் இடையில் மின்சாரம் நின்றால், எழுதப்பட்டதாகத் தரவுத்தளம் நம்பியிருக்கும் பதிவு எங்கும் இராது.

ரெய்டு 5-இல் இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. மூன்று வட்டுகளில் முறையே 1, 0, 1 என்னும் பிட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். நான்காவதில் சமநிலைப் பிட்டு இருக்கும். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாதலால் அது 0. முதல் வட்டின் பிட்டை 0 ஆக மாற்றினால் சமநிலைப் பிட்டும் 1 ஆக வேண்டும். முதல் வட்டு எழுதப்பட்டு, சமநிலைப் பிட்டு எழுதப்படும் முன் மின்சாரம் நின்றுவிட்டது. இப்போது இருப்பது 0, 0, 1, சமநிலை 0. பின்னொரு நாள் மூன்றாம் வட்டு பழுதானால், எஞ்சிய 0, 0, 0 ஆகியவற்றிலிருந்து அதன் பிட்டு 0 எனக் கணிக்கப்படும். உண்மையான மதிப்போ 1. கெட்டுப்போனது அன்று எழுதப்படாத, யாரும் தொடாத தரவு என்பதைக் கவனிக்க. பிழைச் செய்தி எதுவும் வராது. இது எழுத்துத் துளை எனப்படுகின்றது.

இதனாலேயே நல்ல அட்டைகளில் பதுக்கு நினைவகத்துக்கென மின்கலம் வைக்கப்படுகின்றது. பிற்கால அட்டைகளில் மீமின்தேக்கியும் ஃபிளாஷ் நினைவகமும் உள்ளன. மின்சாரம் நின்றதும் நினைவகத்தின் உள்ளடக்கம் ஃபிளாஷில் படியெடுக்கப்படும். மின்கலம் தேய்ந்தால் பல அட்டைகள் தாமாகவே நேரெழுத்து முறைக்கு மாறிவிடும். நேற்றுவரை விரைந்து எழுதிய வழங்கி இன்று காரணமின்றி மந்தமானால் முதலில் பார்க்க வேண்டியது இதனையே.

அட்டையே பழுதானால் பழைய சிக்கல் புதிய உருவில் திரும்புகின்றது. வட்டுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் குறிப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையில் வட்டுகளில் எழுதுவதால், வேறு நிறுவன அட்டை அவற்றை வெற்று வட்டுகளாகக் கருதக்கூடும். அந்நிலையில் "புதிய தொகுதியை உருவாக்குக" என்னும் தெரிவை அழுத்துவது பேரிழப்பில் முடியும். அட்டையின் மாதிரி எண்ணையும் நிலைபொருள் பதிப்பையும் கணினிக்கு வெளியே குறித்து வைத்தல் நலம். இச்சார்பைத் தவிர்க்கவே, ரெய்டு வேலையை இயக்குதளத்திடம் விட்டு வெறும் பொருத்தி அட்டையைப் பயன்படுத்துவோர் பலர். செட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு இவ்வமைப்பே பரிந்துரைக்கப்படுகின்றது.

ஒவ்வொரு வட்டின் சுற்றுப் பலகையிலும் தனியாக ஒரு சிறு பதுக்கு நினைவகம் உண்டு. அட்டையிலுள்ள மின்கலம் அதனைக் காப்பதில்லை. அதனை முடக்கும் தெரிவு ரெய்டு அட்டைகளின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும்.