நாய்க்குட்டிக்கு வீட்டிலேயே தடுப்பூசி

நாயின் நன்றியைப் புகழாத மொழி இல்லை. அந்நன்றிக்கு நாம் ஆற்றவேண்டிய கைம்மாறு குறித்தே இங்கே சில சொற்கள் கூற விழைகிறேன். வேளைக்குச் சோறும் படுக்க ஓர் இடமும் தந்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். பிறந்த நான்கு மாதங்களுக்குள் குட்டிக்கு உரிய தடுப்பூசிகளைப் போட்டுவிடுதலே அக்கடமைகளுள் தலையாயது.

ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் பிம்ப்ரியிலும் வாழும் நம்மவர் வீடுகளில் குட்டி ஒன்று வந்து சேர்ந்தவுடன் ஒரு வினா எழுவது இயல்பு. ‘மருந்துக் கடையில் மருந்தும் கிடைக்கிறது, ஊசியும் கிடைக்கிறது, நாமே போட்டுவிட்டால் என்ன?’ என்பதே அவ்வினா. விலங்குகளின் நோய்களை ஆராய்வதற்கென இந்தியாவில் முதன்முதல் அரசு அமைத்த ஆய்வுக்கூடம் 1889 ஆம் ஆண்டில் இந்தப் பூனாவிலேதான் தோன்றியது. 1893 இல் அது இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. அதன் வழிவந்ததே இன்று இசத்நகரில் இயங்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம். விலங்குகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் மாநில அரசு நிலையம் ஒன்று புனே அவுந்தில் இன்றும் உண்டு. ஆகவே இவ்வினாவை ஆராய ஏற்ற ஊர்தான் இது.

முதலில் எந்நோய்களுக்கு அஞ்சவேண்டும் என்பதை அறிவோம். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, இருமலாய்த் தொடங்கி, இறுதியில் வலிப்பில் முடியும் டிஸ்டெம்பர் ஒன்று. வாந்தியும் இரத்தபேதியுமாகச் சில நாட்களிலேயே குட்டியைக் கொன்றுவிடக்கூடிய பார்வோ மற்றொன்று; இது 1978 ஆம் ஆண்டளவில்தான் உலகிற்குத் தெரியவந்தது. ஈரலைத் தாக்கும் நோயும், மழைக்காலத்தில் மனிதரையும் பற்றும் எலிக்காய்ச்சலும் அடுத்தவை. இவை அனைத்தினும் கொடியது வெறிநோய். அதன் அறிகுறிகள் தோன்றிவிட்டால், நாயாயினும் மனிதராயினும் பிழைத்தல் அரிதினும் அரிது.

ஒரே ஊசியோடு ஏன் நிறுத்தலாகாது என்று சிலர் கேட்பர். குட்டி பிறந்த முதல் நாளில் அருந்தும் சீம்பாலின் வழியே தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் அதன் உடலில் சேர்கிறது. அவ்வாற்றல் குட்டியைக் காக்கிறது. ஆனால் நாம் போடும் தடுப்பு மருந்தையும் அதுவே செயலற்றதாக்கிவிடுகிறது. அது வடியும் காலம் குட்டிக்குக் குட்டி வேறுபடும். சிலவற்றில் 6 வாரத்திலேயே குறைந்துவிடும், சிலவற்றில் 16 வாரம் வரையிலும் நிற்கும். எப்போது வடிந்தது என்பதை வெளியிலிருந்து கண்டறிய இயலாது. ஆதலின் 6 முதல் 8 வாரத்திற்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, 16 வாரம் நிறையும் வரையில் மீண்டும் மீண்டும் போடுகின்றனர். வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாக 12 வாரம் நிரம்பியபின் போட்டு, ஓராண்டிற்குள் மறுபடியும் போடுதல் வேண்டும். முதல் ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் குட்டியைத் தெருவில் விடுவது அடைபடாத கூரையின்கீழ் மழைக்கு ஒதுங்குவது போன்றதாகும்.

இனி, வீட்டில் போடுவது தகுமா என்ற வினாவிற்கு வருவோம். தகும்; அதில் நன்மையும் உண்டு. பார்வோ நுண்ணுயிர் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். நோயுற்ற நாய்கள் வந்துபோகும் மருத்துவமனைத் தரையில் எதிர்ப்பு ஆற்றல் நிரம்பாத குட்டியை இறக்கிவிடாதிருத்தல் நலம். ஆனால் வீட்டில் போடுவது வேறு, வீட்டார் போடுவது வேறு. பதிவுபெற்ற கால்நடை மருத்துவரை வீட்டிற்கு வரவழைத்துப் போடச் செய்வதே நாம் மேற்கொள்ளத்தக்க முறை.

இதற்குக் காரணங்கள் மூன்று. காய்ச்சல், பேதி, மிகுந்த குடற்புழு ஆகியவை உள்ள குட்டிக்கு ஊசி போடுவதைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கலாம். அதனைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வல்லவர் மருத்துவரே. இரண்டாவதாக, மிகச் சில குட்டிகளுக்கு ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே கடும் ஒவ்வாமை உண்டாகும். முகம் வீங்கும், வாந்தி வரும், ஈறுகள் வெளுக்கும், குட்டி மயங்கி விழும். அவ்வேளையில் அட்ரினலின் மருந்தைத் தக்க அளவில் உடனே செலுத்துவோர் அருகில் இல்லையேல் உயிர் தங்காது. மூன்றாவதாக, 1984 ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, தடுப்பூசிச் சான்றில் கையொப்பமிடும் உரிமை பதிவுபெற்ற மருத்துவருக்கே உண்டு. மாநகராட்சியில் நாய் வளர்க்கும் உரிமம் பெறுவதற்கும், குட்டியோடு ரயிலில் ஊர் செல்வதற்கும் அச்சான்று வேண்டப்படும். நாமே போட்ட ஊசிக்குச் சான்று ஏது?

வீட்டார்க்குரிய பணியோ வேறு. மருந்தை நாமே வாங்கி வைக்க நேர்ந்தால், கடையிலிருந்து வீடு வரையிலும் பனிக்கட்டியுடன் கூடிய பெட்டியில் கொணர்தல் வேண்டும். ஆனால் குப்பி பனிக்கட்டியை நேரே தொடலாகாது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அதனை வைத்தல் வேண்டும். உறைபனி அறையிலும் வைக்கலாகாது. குளிர்ப்பெட்டிக் கதவிலும் வைக்கலாகாது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் பையில் கிடந்த குப்பியும், உறைந்து மீண்டும் இளகிய குப்பியும் பார்வைக்குப் புதியனபோலவே தோன்றும், பயன்தான் இராது. இதனால் மருத்துவரே குளிர்ப்பெட்டியில் கொணர்வது மிகப் பாதுகாப்பானது. பொடியாக உள்ள மருந்தை அதற்குரிய நீரில் கரைத்தவுடன் தாமதமின்றிப் போடுதல் வேண்டும். குட்டி சிறியது என்று மருந்தைப் பாதியாக்குவதும், ஒரு குப்பியை இரு குட்டிகளுக்குப் பகிர்வதும் சிக்கனம் ஆகா; இரண்டு குட்டிகளையும் காப்பின்றி விடுவதேயாகும்.

ஊசி போடும் நாளில் குட்டி பழகிய ஒருவர் அதனை மடியிலோ மேசைமீதோ அமைதியாகப் பிடித்துக்கொள்ளலாம். சிறுவர்கள் சற்று விலகி இருத்தல் நலம். மருத்துவர் பிடரித் தோலை மெல்ல உயர்த்தி, அதன் கீழே மருந்தைச் செலுத்துவார். முடிந்தபின் அரைமணி நேரமாவது அவரை இருத்திக்கொள்க. குப்பியில் ஒட்டியுள்ள சீட்டை உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டச் செய்து, தேதியும் கையொப்பமும் பெறுக. பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறியாமல் மருத்துவரிடமே கொடுத்துவிடுக. குப்பை பொறுக்கும் ஏழையின் விரலும் நம் விரல் போன்றதே. ஓரிரு நாள் குட்டி சோர்ந்திருப்பதும் உணவு குறைவதும் இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மராத்தியில் தடுப்பு மருந்தை ‘லஸ்’ என்பர். ‘பசுவைத்யகீய தவாகானா’ என்ற பலகையைக் காணும் நம்மவர், அது மாட்டுக்கு மட்டும் என்று கருதிக் கடந்துவிடலாகாது. அங்கே ‘பசு’ என்னும் சொல் எல்லா விலங்குகளையும் குறிக்கும். நாய்க்கும் அதுவே மருத்துவமனை.

இறுதியாக ஒன்று. தடுப்பூசி முற்றுப்பெறாத குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் நகத்தால் கீறினாலும், ‘குட்டிதானே’ என்று இருந்துவிடலாகாது. வெறிநோய் குட்டிகளையும் பற்றும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்புவது தீங்கையே தரும். 1885 ஆம் ஆண்டு ஜூலையில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்து காப்பாற்றினார். 1907 இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. அன்று கிடைத்தற்கரியதாயிருந்த அம்மருந்து இன்று அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. குட்டிக்கு உரிய ஊசியை உரிய நாளில் போட்டுவிடுவோமாயின், அம்மருந்தைத் தேடி நம் குழந்தைகளோடு ஓடவேண்டிய நாள் பெரும்பாலும் வாராது.