ஊர் கூடி மாற்றிய உணவு

பின்லாந்து நாட்டின் கிழக்கெல்லையில், உருசிய மண்ணை ஒட்டி, ஊசியிலைக் காடுகளும் ஏரிகளும் செறிந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. வட கரேலியா என்பது அதன் பெயர். அங்கு வாழ்ந்த ஆடவர் சோம்பிக் கிடந்தவர் அல்லர். உறைபனியில் மரம் வெட்டினர். காடு திருத்திக் கழனியாக்கினர். கறவை மாடுகளைப் பேணினர். அத்தகைய உழைப்பாளிகள் நாற்பதிலும் ஐம்பதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தனர். 1969 முதல் 1971 வரையிலான கணக்கின்படி, 35 முதல் 64 அகவை வரையுள்ள ஆடவர் நூறாயிரவருள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 670 பேர் நெஞ்சாங்குலை நோய்க்கு இரையாயினர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அது ஒன்று. 2006-ஆம் ஆண்டளவில் அவ்வெண் ஏறத்தாழ 100 ஆகச் சுருங்கிவிட்டது.

அங்கு மண் மாறவில்லை, குளிரும் மாறவில்லை. மாறியது உணவுத் தட்டு. ஒரு வீட்டுத் தட்டு மட்டும் மாறியிருந்தால் இவ்வீழ்ச்சி நேர்ந்திராது. ஊரே சேர்ந்து தன் தட்டை மாற்றியது. அது நிகழ்ந்த முறை, நம் உடலைப் பற்றி மட்டுமன்றி நம் ஒட்டுறவைப் பற்றியும் ஓர் உண்மையைக் காட்டுகிறது.

உழைப்பின் காப்பும் அதன் எல்லையும்

உடலுழைப்பு நெஞ்சாங்குலையைக் காக்கும் என்பதற்கு முதன்முதலில் வலுவான சான்று தந்தவை இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகள். செர்ரி மோரிசு என்னும் மருத்துவ ஆய்வர், அப்பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டு, தம் முடிவை 1953-இல் வெளியிட்டார். இருவரும் ஒரே வண்டியில் ஒரே தெருக்களில் செல்பவர். ஏறக்குறைய ஒரே வாழ்நிலையினர். ஓட்டுநரோ நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ சீட்டுக் கிழித்துக்கொண்டு நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறினார். நெஞ்சாங்குலை நோய் நடத்துநரிடம் குறைவாகக் காணப்பட்டது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது.

மோரிசு தம் முடிவைத் தாமே ஐயுற்றார் என்பதே அவருடைய பெருமை. ஓட்டுநர் தொழிலுக்குப் பருத்த உடலினரே தொடக்கத்திலிருந்து சென்றிருக்கலாம் அல்லவா? அதனை அறிய, போக்குவரத்துத் துறையினர் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் குறிப்பைப் புரட்டினார். பணியில் சேரும் இளம் அகவையிலேயே ஓட்டுநரின் இடுப்புச் சுற்று பெரிதாக இருந்தது. ஆகவே வேறுபாடு முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதை அவரே ஊரறியச் சொன்னார். பின்வந்த பல்வேறு ஆய்வுகள் உழைப்பின் காப்பை உறுதி செய்தன. தாம் கண்டதைத் தாமே கடைப்பிடித்த மோரிசு, 99 அகவை வரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

உழைக்கும் தசை என்ன செய்கிறது? தசை சுருங்கும்போது, அதன் உயிரணுவின் உள்ளே மறைந்திருக்கும் சருக்கரைக் கடத்திகள் அணுவின் மேற்பரப்புக்கு எழுந்து வருகின்றன. குருதியிலுள்ள சருக்கரை அவற்றின் வழியே தசைக்குள் புகுந்து எரிகிறது. பொதுவாக இக்கடத்திகளாகிய கதவைத் திறப்பது இன்சுலின். நடையோ இன்சுலினை எதிர்பாராமலே அதைத் திறக்க வல்லது. உண்டபின் சிறிது நேரம் நடப்பது குருதிச் சருக்கரையின் ஏற்றத்தைத் தணிப்பதன் அடிப்படை இதுவே.

அங்ஙனமாயின், கோடரி ஏந்திய கரேலிய ஆடவர் ஏன் மடிந்தனர்? விடை அவர்தம் உணவறையில் இருந்தது.

வெண்ணெய் படிந்த குழல்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், போரிலிருந்து மீண்டவர்க்குக் காட்டு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதில் பயிரைவிட மாடு நன்கு வளர்ந்தது. வெண்ணெய் வளத்தின் அடையாளமாயிற்று. கொழுப்பு நீக்காத பால் குடிநீர் போல் அருந்தப்பட்டது. ரொட்டியில் தடித்த வெண்ணெய், பானையில் கொழுத்த பன்றி இறைச்சி, எதிலும் மிகுந்த உப்பு. காய்களும் கீரைகளும் கால்நடைக்குரிய தீனி என்று கருதப்பட்டன. 1972-இல் மக்களுள் பத்தில் ஒன்பதின்மர் ரொட்டிக்கு வெண்ணெயே தடவினர். ஆடவருள் பாதிப்பேர் புகைத்தனர். வறுமையில் வாடி வந்தவர்க்குக் கொழுப்பு என்பது செழிப்பின் சுவை. அதனைக் குறைகூற எவர்க்கும் நா எழவில்லை.

விலங்குக் கொழுப்பில் மிகுந்திருப்பது நிறைவுற்ற கொழுப்பு. குருதியில் கொலசுட்ராலைச் சுமந்து திரியும் அடர்வு குறைந்த கொழுப்புப் புரதத் துகள்களைக் கல்லீரல்தான் பற்றி இழுத்து அகற்ற வேண்டும். அதற்கெனக் கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் உள்ளன. நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்டால் அவ்வேற்பிகளின் செயல் மங்குகிறது. அகற்றப்படாத துகள்கள் குருதியில் தேங்கிக் குழலின் உட்சுவருக்குள் நுழைகின்றன. அங்கே அவை கெட்டு மாற்றமுற, அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி நுரை போன்ற அணுக்களாகச் செத்துக் கிடக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே படலம் தடிக்கிறது. ஒருநாள் அப்படலம் வெடிக்க, அவ்விடத்தில் குருதி உறைந்து குழலை அடைக்கிறது. உப்பு குருதி அழுத்தத்தை உயர்த்தியும், புகை குழலின் உட்பூச்சைப் புண்ணாக்கியும் இவ்வழிவை விரைவுபடுத்துகின்றன. மரம் வெட்டும் தோள் எத்துணை வலிதாயினும், நாள்தோறும் குழலுக்குள் குவியும் இச்சுமையை அது முற்றும் ஈடுசெய்ய இயலாது.

இவ்வேற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்டுசுடீன் ஆகிய இருவர்க்கும் 1985-இல் நோபல் பரிசு கிட்டியது. கரேலிய மக்கள் தம் உணவை மாற்றத் தொடங்கியதோ 1972-இல். நுண்ணறிவியல் தன் முழு விளக்கத்தை முன்வைக்குமுன்பே, மக்கள்தொகை ஆய்வு தந்த சான்றை நம்பி ஓர் ஊர் செயலில் இறங்கிவிட்டது.

விண்ணப்பமும் விருந்தும்

இம்முயற்சி மேலிருந்து கீழே இறங்கிய ஆணை அன்று. 1971 சனவரியில் வட கரேலியாவின் ஆளுநரும் மக்கள் சார்பாளரும் கையெழுத்திட்டு, எங்கள் மக்களைக் காப்பாற்றுங்கள் என்று நாட்டரசுக்கு விண்ணப்பித்தனர். மறு ஆண்டு திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய பெக்கா புசுக்கா அப்போது முப்பது அகவை நிரம்பாத இளம் மருத்துவர். முதற்பணியாக மக்களின் உணவு, புகை, குருதி அழுத்தம், கொலசுட்ரால் ஆகியவற்றை அளந்தனர். ஒப்பீட்டுக்காக அயலிலுள்ள குவோபியோ மாநிலத்தையும் உடன் அளந்தனர்.

அச்சிட்ட அறிவுரையும் மேடைப்பேச்சும் மட்டும் கொண்டு பழக்கத்தை அசைக்க முடியாது என்பதைப் புசுக்கா விரைவில் உணர்ந்தார். உண்பவர் ஆடவர், சமைப்பவரோ பெண்டிர். எனவே அவர் மார்த்தா என்னும் பெண்கள் அமைப்பை நாடினார். அவ்வமைப்பினர் சிற்றூர்தோறும் ‘நெடுவாழ்வு விருந்து’ நடத்தினர். கரேலியர் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்த இறைச்சிக் குழம்பை அவர்கள் ஒழிக்கவில்லை. இறைச்சியில் ஒரு பகுதியைக் குறைத்து, கிழங்கும் காயும் சேர்த்து, உப்பைக் குறைத்துச் சமைத்து ஊரார்க்குப் பரிமாறினர். மருத்துவர் சொன்னால் அறிவுரை; அடுத்த வீட்டு அக்காள் சமைத்துப் பரிமாறினால் சுவை! ‘இதுவும் நம் குழம்புதான்’ என்று நா ஒப்பியபின் உள்ளம் மறுக்கவில்லை.

அடுத்து, ஒவ்வோர் ஊரிலும் மக்கள் மதிக்கும் எளியவர்களைத் தேடினர்: கடைக்காரர், உழவர், மன்றத் தலைவர் போன்றோர். அவர்களுக்குப் பயிற்சியளித்து, தம் அயலாரோடு இயல்பாகப் பேசுமாறு அனுப்பினர். புகையை விட முனைந்தவர்களைத் தொலைக்காட்சியில் அமர்த்தி, அவர்கள் தடுமாறுவதையும் மீள்வதையும் நாடு முழுதும் காணச் செய்தனர். ‘என்னைப் போன்ற ஒருவனால் முடிகிறதே’ என்ற எண்ணத்தை அக்காட்சி பார்ப்பவர் நெஞ்சில் ஊன்றியது. ஊருக்கு ஊர் போட்டியும் நடந்தது. எந்த ஊர் தன் மக்களின் கொலசுட்ரால் சராசரியை மிகுதியாகக் குறைக்கிறதோ அவ்வூர்க்கு வெற்றி. ஒருவர் வெண்ணெயைக் குறைத்தால் அதன் பயன் ஊர்க்கணக்கில் சேர்ந்தது. உடல்நலம் ஊரின் மானமாயிற்று.

சந்தையும் உடன் வந்தது

உள்ளம் மாறினாலும் கடையில் பழைய பண்டமே இருந்தால் மாற்றம் நிலைக்காது. ஆகவே இறைச்சிப் பண்டம் செய்வோரை அணுகிக் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் செய்தனர். பால் நிறுவனங்கள் கொழுப்புக் குறைந்த பாலை விற்கத் தொடங்கின. பால்வளத்தையே நம்பிய உழவர் இடர்ப்பட்டபோது, அக்குளிர் நிலத்தில் இயல்பாக விளையும் சிறுகனிகளைப் பயிரிட வழி காட்டினர். வெண்ணெய்க்கு மாற்றாகக் குளிரில் விளையும் எண்ணெய் வித்துப் பயிரும் பரவியது. உழவரின் வருவாயை மறந்த உணவறிவுரை ஊரில் வேரூன்றாது என்பது அவர்கள் கற்ற பாடம்.

பல பத்தாண்டுகள் கழித்துப் பார்க்கையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவோர் நூற்றுக்கு ஐவரினும் குறைந்திருந்தனர். உழைக்கும் அகவை ஆடவரின் நெஞ்சாங்குலை நோய் இறப்பு 85 விழுக்காடு வீழ்ந்தது. புதிய மருத்துவ முறைகளுக்கும் இதில் பங்குண்டு. எனினும் பெரும்பங்கு கொலசுட்ரால், குருதி அழுத்தம், புகை ஆகிய மூன்றும் குறைந்ததனால் விளைந்தது என்று ஆய்வர் கணித்தனர்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். ஒப்பீட்டுக்கு வைத்த குவோபியோவிலும் நாளடைவில் இறப்பு குறைந்தது. பின்லாந்து முழுவதிலும் குறைந்தது. அப்படியானால் திட்டத்தின் பயன் எவ்வளவு? நேர்மையான கேள்வி இது. இதனைத் துல்லியமாகப் பிரித்தளக்க எவராலும் இயலாது. ஆனால், தொலைக்காட்சி எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. கடைக்கு வந்த புதிய பாலும் ஒரு மாநிலத்தோடு நிற்பதில்லை. ஐந்தாண்டுக்குப் பின் அரசே இம்முறையை நாடெங்கும் விரித்தது. அயலான் பார்த்துக் கற்றுக்கொண்டால் ஆய்வின் தூய்மை குன்றலாம். மக்களின் வாழ்நாளோ நீளும்.

தொற்றும் நலம்

ஒருவர் பழக்கம் மற்றொருவர்க்குத் தொற்றுமா என்பதை அமெரிக்காவின் பிரேமிங்காம் ஊரில் கிறித்தாக்கிசு, பவுலர் என்னும் இருவர் ஆராய்ந்தனர். 32 ஆண்டுக் காலத்தில் 12,067 பேரின் உறவுவலையை வரைந்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். ஒருவரின் நண்பர் மிகைப்பருமன் அடைந்தால், அவரும் அந்நிலை எய்தும் வாய்ப்பு 57 விழுக்காடு உயர்ந்தது. வெறுமனே அண்டை வீட்டில் குடியிருப்பவரால் அத்தகைய மாற்றம் நேரவில்லை. ஒத்தவர் ஒத்தவரோடு சேர்வதால் வரும் தோற்றமே இது என்று மறுத்தவரும் உண்டு. அம்மறுப்புக்கும் வலு உண்டு. ஆயினும், எது இயல்பான உணவு, எது போதுமான அளவு என்பதை நாம் உடன் உண்பவரைப் பார்த்தே முடிவு செய்கிறோம் என்பதை எந்தப் பந்தியிலும் கண்கூடாகக் காணலாம்.

பிறர் தூண்டுதல் நம் பழக்கத்தை மாற்றும் என்பதற்கு நம் மண்ணிலும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நீரிழிவின் வாயிலில் நின்ற 537 ஆடவரைத் தென்னிந்தியாவில் தெரிந்தெடுத்தனர். அனைவர்க்கும் தொடக்கத்தில் உணவு, உடலுழைப்பு பற்றிய அறிவுரை தரப்பட்டது. ஒரு சாரார்க்கு மட்டும் அதனை நினைவூட்டும் குறுஞ்செய்திகள் கைப்பேசியில் தொடர்ந்து அனுப்பப்பட்டன. ஈராண்டு முடிவில், செய்தி பெறாதவருள் 27 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு வந்தது. பெற்றவருள் 18 விழுக்காட்டினர்க்கே வந்தது. 2013-இல் வெளியான இம்முடிவின் பொருள் எளிது. அறிவுரை இரு சாரார்க்கும் ஒன்றே. வேறுபாடு, இடைவிடாது தட்டியெழுப்பும் ஒரு குரல்.

முகமறியாத குறுஞ்செய்திக்கே அத்துணை ஆற்றல் இருக்குமாயின், முகமறிந்த நண்பரின் அழைப்புக்கு எத்துணை ஆற்றல் இருக்கும்! கிழமைக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பேனும் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நாள் கணக்கில் அது அரைமணிக்கும் குறைவு. தனியே எழுந்து நடக்க வேண்டியவன் மழையைச் சாக்கிட்டுப் போர்வைக்குள் புகுவான். தெருமுனையில் ஒருவர் காத்திருப்பார் எனத் தெரிந்தவன் குடையெடுத்துப் புறப்படுவான். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்ட விழைபவனும், வீடு முழுதும் அவ்வாறு உண்ணும்போது அதனைத் தவமாக எண்ண மாட்டான்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குத் தெரிந்த கலை. தேரின் வடத்தைத் தனியொருவன் பற்றினால் கை காய்க்கும், தேர் நகராது. உடல்நலமும் அத்தகைய தேரே. ஆகவே, படிப்பவரே, நாளை முதல் நடப்பேன் என்று உமக்குள் உறுதி பூணுமுன் ஒன்று செய்க: இன்று மாலையே நண்பர் ஒருவரை அழைத்து, நாளைக் காலை எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று பேசி முடிவு செய்க.