"வயசான காலத்துல உனக்கெதுக்கு?"

'வயசான காலத்துல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?' இந்தப் பேச்சு காதில் விழாத வீடு உண்டா, சொல்லுங்கள் தோழிகளே! கொஞ்சம் பளிச்சென்று புடவை எடுத்தால் எதுக்கு, தையல் கத்துக்கணும்னு ஆசைப்பட்டால் எதுக்கு. பாசமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் வயசை விட இந்தக் கேள்விதான் பெரியவங்களை மூலையில் உட்கார வைக்கிறது.

கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்று ஒரு பாட்டி இருந்தார். கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கியவர். வயது ஏறியதும் ஒரு பகுதியை விற்றுவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். நூறு வயது தாண்டியும் அதில் தானே இறங்கி இயற்கை விவசாயம் பார்த்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024-ல் காலமானார். அதே கோவையில் நானம்மாள் பாட்டி, தொண்ணூறு வயதுக்கு மேலும் யோகா சொல்லிக் கொடுத்தார். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ.

எனக்குப் பெரிசாகத் தெரிவது விருது இல்லை. முடியாததை விட்டுவிட்டு, முடிந்ததைக் கையில் வைத்துக்கொண்டாரே பாப்பம்மாள், அதுதான். (எங்க காந்தி மார்க்கெட்டில் தள்ளாத வயதிலும் கீரைக்கட்டு விற்கிற ஆயாக்கள் உண்டு. அது வயிற்றுப்பாடு. அதைப் போய் இளமை என்று புகழ எனக்கு மனசு வரவில்லை.)

முருங்கையைப் பாருங்கள். ஆடிக் காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். முறிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே துளிர் விடும். ஒடிந்த கிளையை மண்ணில் ஊன்றினால் அதுவும் தழையும். காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து பண்ணினால் புதுக்கிளையில் மறுபடி காய்க்கும். வேம்பும் அப்படித்தான். மாசி, பங்குனியில் மொட்டையாக நிற்கும். சித்திரை பிறக்கும்போது வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் பூ தரும். மரம் கிழடானாலும் தளிர் புதுசுதானே!

'முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்' என்பார்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது என்று சிலர் அர்த்தம் சொல்கிறார்கள். கம்பு ஊன்றாமல் கையை வீசி நடப்பான் என்பதுதான் சரி என்பார் என் மாமியார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. முட்டிவலியால் மாடிப்படி ஏற முடியாது. அதனால் மொட்டைமாடித் தோட்டத்தை என்னிடம் விட்டுவிட்டு, வாசலில் சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி ஒரு முருங்கைப் போத்து ஊன்றியிருக்கிறார். செல்போனில் எழுத்துக்கூட்டித் தட்டி, ஊரில் இருக்கும் தங்கைக்கு அதன் போட்டோவை அனுப்புகிறார். தினமும் ஒரு போட்டோ! எங்களுக்கெல்லாம் முப்பத்தைந்திலேயே 'இனிமே நமக்கென்ன இருக்கு' என்று அலுப்பு வந்துவிடுகிறது.

"இது எப்போ காய்ச்சு, நீங்க எப்போ சாப்பிடுறது பெரியம்மா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள்.

"காய் வர்றப்போ வரட்டும்டி. அடுத்த மாசமே கீரை பறிச்சிடுவேன், உனக்கும் ஒரு பிடி தர்றேன்" என்றார் மாமியார்.

- ஒரு வாசகி, பாலக்கரை, திருச்சி.