ஈறில் ரத்தம் வந்தால் ஒதுக்கிவிடாதீர்கள்

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். காலை ஷிப்டுக்குப் பல் துலக்கும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக இருக்கிறது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலத் திட்டு. மாதவிலக்கு நிற்காமல் போகிறது. "ரத்தசோகைதான், பேரீச்சம்பழம் சாப்பிடு" என்கிறார்கள் அறைத்தோழிகள். பெரும்பாலும் காரணம் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் இவை சேர்ந்து வந்து, காய்ச்சலும் களைப்பும் கூடினால் அன்றைக்கே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும்.

அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்றொரு ரத்தப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும். இளவயதினரையும் தாக்கும். 15ஆம், 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உருவாகும் ஒரு புரதம், வெள்ளணுவைப் பாதி வளர்ச்சியிலேயே நிறுத்திவிடுகிறது. ரத்தம் உறையும் ஒழுங்கும் கெடுகிறது. மூளைக்குள் ரத்தம் கசிந்து முதல் சில நாட்களிலேயே உயிர் போய்விடலாம்.

இத்தனை கொடிய நோய்க்குத்தான், புற்றுச் செல்லை இயல்பு வழிக்குத் திருப்பும் வைத்தியம் கைகூடியிருக்கிறது. வைட்டமின் ஏ வழிவந்த அட்ரா என்ற மாத்திரை அந்தத் தடையை நீக்குகிறது. நின்றுபோன அணு வளர்ந்து முதிர்ந்து, தன் ஆயுள் முடிந்து சாகிறது. ஷாங்காயில் வாங் சென்யி குழுவினர் 24 நோயாளிகளிடம் இதைக் கண்டு 1988இல் வெளியிட்டார்கள். அட்ராவுக்கும் கீமோவுக்கும் பணமில்லாதவர்களை நினைத்து, நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இதே நோய்க்கான இன்னொரு மருந்தான ஆர்செனிக் டிரையாக்சைடை மட்டும் கொடுத்துப் பார்த்தது. 1998 முதல் 2004 வரை 72 பேர். 86 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுப் போகும் பெங்களூர் சாலையில் இருக்கும் வேலூரிலேயே இது நடந்திருக்கிறது.

இதைச் சொன்னதும், "அது வெள்ளைப் பாஷாணம்தானே, எங்களிடமும் உண்டு" என்று வருபவரை நம்பாதீர்கள். மருத்துவமனையில் அளந்து, நரம்பு வழியாக, இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி ஏற்றும் மருந்து அது. அட்ரா தொடங்கிய பிறகும் மூச்சுத்திணறலோ திடீர் எடை ஏற்றமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் முதலிலேயே தெரிவிப்பது அவசியம், கருவைச் சிதைக்கக்கூடிய மாத்திரை இது. மற்றப் புற்றுநோய்களுக்குச் செல்லைத் திருப்பும் இந்த வழி பெரும்பாலும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. குடல் புற்றுச் செல்களைத் திருப்பியதாகத் தென்கொரியாவிலிருந்து 2024இல் வந்த செய்தியும் அப்படியே. எல்லாப் புற்றையும் மாற்றுவோம் என்று விளம்பரம் செய்வது, மாய வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

இனி பணம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. 18,000 வாங்குபவரிடம் 135 ரூபாய் பிடித்து, முதலாளி தன் பங்காக 585 சேர்த்துக் கட்ட வேண்டும். அவசரமென்றால் டிஸ்பென்சரி சீட்டுக்குக் காத்திராமல் சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கே போகலாம். புற்றுநோய் வந்தவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை உதவித்தொகை கிடைக்கும்.

அதற்கு இரண்டு ஆண்டாவது பதிவில் இருந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது நம்பர் போட்டால் பழைய சேவைக் கணக்கு தனியே நின்றுவிடுகிறது. ஈ.எஸ்.ஐ. தரும் காப்பீட்டு நம்பர் (ஐ.பி. நம்பர்) ஒருவருக்கு ஒன்றுதான். படிவத்தை நீட்டும்போது பழைய நம்பரையே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் ஈ.எஸ்.ஐ. உதவி எண் 1800 11 2526க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.