தேயிலைக் கொழுந்தும் நொதியங்களும்

கண்டிச் சீமை என்றதும் தேயிலையின் மணம் நினைவுக்கு வரும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டியை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழுந்தைத் தம் பங்களாத் தாழ்வாரத்தில் கையால் உருட்டச் செய்தார். அந்த மணத்தின் ஒரு கூறு எவ்வாறு பிறக்கிறது? காயமுற்ற இலை தன்னுள் அனுப்பும் செய்தியோடு அதற்கு நெருங்கிய உறவுண்டு.

இலை எண்ணற்ற கலங்களால் ஆயது. கலத்திலுள்ள மென்சவ்வுகள் பெரும்பாலும் இலிப்பிட்டு எனப்படும் கொழுப்புப் பொருள்களால் அமைந்தவை. அவற்றை வெறும் வேலி என்று கொள்ளலாகாது. செய்தி எழுதும் ஓலையும் அவ்வேலியிலேயே அடங்கியிருக்கிறது. புழு கடித்தாலும் விரல் கிள்ளினாலும், லைப்பேசு என்னும் நொதிய வகை மென்சவ்விலிருந்து 18 காபன் அணுக்களையுடைய லினோலெனிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கும். லிப்பொக்சிஜனேசு என்னும் மற்றொரு நொதியம் அதனுடன் ஒட்சிசனைச் சேர்க்கும்.

இவ்விடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு நொதியம் அப்பொருளை வெட்டி 6 காபன் கொண்ட துண்டை ஆக்கும். பசுந்தழையைக் கசக்கும்போது எழும் வாசனை அதனால் வருவதே. வேறு நொதியங்கள் அதே பொருளை 12 காபன் கொண்ட ஜாஸ்மோனிக் அமிலமாக மாற்றும். இதன் இனப்பொருள் மல்லிகை வகைப் பூவின் எண்ணெயில் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் வந்தது. இவ்வமிலத்துடன் ஓர் அமினோ அமிலத்தை இன்னொரு நொதியம் இணைத்த பின்னரே செய்தி முழு வலிமை பெறும். அதுவரை அடங்கியிருந்த பரம்பரையலகுகள் விழித்தெழ, புழுவுக்கு ஒவ்வாத பொருள்கள் இலையில் உண்டாகும்.

அபாய மணி ஓயாது ஒலித்தால் என்னாகும்? செடி தன் ஆற்றலைக் காவலிலேயே செலவிடும், வளர்ச்சி குன்றும். ஆதலின் பணி முடிந்ததும் அச்செய்தியைச் சிதைக்கும் நொதியங்களும் கலத்தில் உள்ளன. செய்தியை எழுதுவனவும் நொதியங்கள், அழிப்பனவும் நொதியங்களே.

இவ்வறிவு தோட்டத்துக்கும் உதவும். கொழுந்தைச் சாக்கில் அழுத்தித் திணித்தால் அது கசங்கிச் சூடேறும். தொழிற்சாலையை அடையுமுன்னரே நொதியங்கள் காலந்தவறி வேலை செய்துவிடும். உரிய வேளையில் வாட்டி, உருட்டி, நிறமும் சுவையும் கூடியபின் வெப்பத்தால் நொதியங்களை நிறுத்துவதே கறுப்புத் தேயிலைத் தொழிலின் நுட்பம். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டு எழுந்த தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்குள்ள உருட்டுப் பொறிகள் இலைக் கலங்களை உடைக்கும் இப்பணிக்கென்றே அமைந்தவை.

மலைச்சரிவில் நாள் முழுதும் நின்று பறித்தவரின் உழைப்பு நல்ல தேநீராவதும் வீணாவதும், கண்ணுக்குத் தெரியாத இவ்வேலையாட்களுக்கு உரிய நேரத்தை நாம் அளிப்பதைப் பொறுத்ததாகும்.