எதையும் மறக்காத தொடர்

அறிவியல் புனைவுத் தொடர் என்று பேச்செடுத்தால் ‘ஸ்டார் ட்ரெக்’ வரும், ‘டாக்டர் ஹூ’ வரும். இன்னும் கொஞ்சம் பார்த்தவர்கள் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்பார்கள். ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’ என்று யாராவது சொன்னால், “அதுவா, பிரமிடும் ஏலியனும் வருமே” என்று பேச்சு முடிந்துவிடும். 1997 முதல் 2007 வரை 10 சீசன், 214 எபிசோடு ஓடிய தொடர் அது. அதற்கு இந்த ஒற்றை வரி போதாது என்பது என் கட்சி. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் கதை. ரோலண்ட் எமெரிக் இயக்கி 1994இல் வந்த ‘ஸ்டார்கேட்’ படத்திலிருந்து கிளைத்தது இது. எகிப்தில் தோண்டியெடுத்த ஒரு பெரிய உலோக வளையம். அதில் 39 குறிகள். ஏழு குறிகளைச் சரியான வரிசையில் பூட்டினால், வேறொரு கோளில் நிற்கும் இன்னொரு வளையத்துக்கு வழி திறக்கும். முதல் ஆறு குறிகள் சேரவேண்டிய இடத்தைக் காட்டும், ஏழாவது கிளம்பும் இடத்தை. அமெரிக்காவின் கொலராடோவில், ஷையான் மலைக்கு அடியிலுள்ள ராணுவத் தளத்திலிருந்து நான்கு பேர் அதன் வழியே போய்வருகிறார்கள். கர்னல் ஜாக் ஓ’நீல், தொல்லியல் அறிஞர் டேனியல் ஜாக்சன், இயற்பியல் தெரிந்த அதிகாரி சமந்தா கார்ட்டர், எதிரிப் படையிலிருந்து கட்சி மாறிவந்த டீல்க். எதிரிகள் கோவாவுல்ட் என்ற ஒட்டுண்ணிகள். மனித உடலுக்குள் புகுந்துகொண்டு, பழைய கடவுள்களின் பெயரில் அதிகாரம் செய்பவர்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கும்போதே மனிதர்கள் கையில் விண்கலம் இருக்கிறது. இங்கே கதை நடப்பது நம் காலத்தில். கையில் இருப்பது துப்பாக்கியும் முதுகுப் பையும்தான். ஆனால் தொடர் முடிவதற்குள் பூமிக்கு அண்டம் விட்டு அண்டம் போகும் கப்பல் வந்துவிடுகிறது. அங்கிருந்து இங்கே எப்படி வந்தோம் என்பதற்கு, மளிகைக் கடை நோட்டுப் போல, வரவும் செலவும் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். மூன்றாவது சீசனில் ‘லேர்னிங் கர்வ்’ என்று ஒரு எபிசோடு. ஆர்பன் என்ற கோளிலிருந்து மெரின் என்ற சிறுமி வருகிறாள். மேசைமேல் வைக்கும் அளவுள்ள மின் உலை ஒன்றைக் கார்ட்டருக்குக் கற்றுத்தருகிறாள். அவள் கற்றதெல்லாம் மூளைக்குள் இருக்கும் நுண் இயந்திரங்களில் சேர்ந்திருக்கிறது. குறிப்பிட்ட வயது வந்ததும் அவற்றை எடுத்து ஊருக்கெல்லாம் பங்கு போட்டுவிடுவார்கள். ஊருக்கு அறிவு கிடைக்கும், பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஓ’நீல் யாரையும் கேட்காமல் அவளை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் வரைய விடுகிறார். ஆனாலும் அவள் தன் ஊருக்கே திரும்பிப் போகிறாள். உலை பூமியில் தங்கிவிடுகிறது. பின்னால் வரும் சீசன்களில் அந்த வகை உலைதான் பலமுறை கைகொடுக்கிறது. அது யார் கொடுத்தது, அவளுக்கு என்ன ஆயிற்று என்பது தொடர்ந்து பார்த்தவருக்குத் தெரியும்.

விண்கலம் வந்த கதையும் இப்படித்தான். நான்காவது சீசனில், எதிரியின் போர் விமானங்களைப் பிரித்து மேய்ந்து எக்ஸ்-301 என்று ஒன்றைக் கட்டுகிறார்கள். சோதனையின்போதே, உள்ளே ஒளிந்திருந்த எதிரியின் கருவி விழித்துக்கொண்டு, ஓ’நீலையும் டீல்க்கையும் விண்வெளிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. ஆறாவது சீசனில் எக்ஸ்-302. அதன் அதிவேக இயந்திரத்தை நம்ப முடியாது. அதே சீசனில்தான் முதல் பெரிய கப்பல், ப்ரோமீதியஸ். அதையும் திருட ஒரு கூட்டம் வருகிறது. எதுவும் முதல் தடவையில் சரியாக அமைவதில்லை.

சரி, ஏன் பேர் கிடைக்கவில்லை? முதல் சீசன் தடுமாறும். கோளுக்குக் கோள் வான்கூவர் பக்கத்து ஊசியிலைக் காடுதான்; படப்பிடிப்பு அங்கே. எல்லாக் கோளிலும் ஆங்கிலம் பேசுகிறார்கள். பிரமிடுகள் வேற்றுக்கோளார் கப்பல் இறங்கும் மேடை என்ற அடிப்படைக் கற்பனை, எகிப்தியர் உழைப்பைத் தட்டிப்பறிப்பது. அது உண்மையான குற்றச்சாட்டு. அமெரிக்க விமானப்படை இந்தத் தொடருக்கு ஒத்துழைத்தது. அதன் தலைமைத் தளபதிகள் இரண்டு பேர், மைக்கேல் ரயனும் ஜான் ஜம்பரும், தாங்களாகவே நடித்தும் போனார்கள். விமானப்படை இதில் பெரும்பாலும் நல்ல பிள்ளையாகவே இருப்பதில் வியப்பில்லை.

இதெல்லாம் சரிதான். ஆனால் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். இந்தத் தொடர் சிரிக்கும். நூறாவது எபிசோடு முழுக்கத் தன்னையே கிண்டல் செய்துகொண்டது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டால்தான் கனமான படைப்பு என்று நாம் பழகிவிட்டோம். ‘விண்டோ ஆஃப் ஆப்பர்சூனிட்டி’யில் ஓ’நீலும் டீல்க்கும் திரும்பத் திரும்ப வரும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு, அலுத்துப்போய், வளையத்துக்குள் கோல்ஃப் பந்து அடிக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். கடைசியில்தான் தெரிகிறது, காலத்தை இப்படிச் சுழலவிட்டவர் செத்துப்போன மனைவியை மறுபடி பார்க்கத் துடிப்பவர் என்று. அவருக்குப் பதில் சொல்லும் ஓ’நீல் மகனை இழந்தவர். அந்தச் சாவு 1994 படத்தில் வந்தது. படத்தில் பட்ட காயம் ஆறு வருடம் கழித்து, ஒரு நகைச்சுவை எபிசோடில் பேசுகிறது. இதைச் செய்ய நீளம் வேண்டும், அதைவிட ஞாபகம் வேண்டும்.

பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றால், நான்காவது சீசனின் ‘2010’, ஐந்தாவதின் ‘2001’ இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில், நோயைத் தீர்த்த வேற்றுக்கோள் நண்பர்கள் மனித இனத்தையே மலடாக்கிக்கொண்டிருப்பது வருங்காலத்தில் தெரியவருகிறது. அந்தக் கோளுக்குப் போகாதே என்று ஒரு சீட்டு மட்டும் காலத்தில் பின்னோக்கி வந்து சேர்கிறது. காரணம் அதில் இல்லை. அந்தக் கோளுக்கான குறி வரிசையை யாரும் பயன்படுத்த முடியாதபடி தடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதில், அதே நண்பர்கள் வேறொரு கோளில், வேறொரு வாசலில் புன்னகையோடு நிற்கிறார்கள். இந்த இரண்டும் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் மீதி 212-ஐ விட்டுவிடுங்கள், தப்பில்லை.